கதவில் போட்ட வட்டம்

ஜெபராணி நல்லவள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததற்கெல்லாம் அவள்தான் காரணம் என்பதால், பாவம், இதையாவது அவளுக்குக் கொடுத்துவிடலாம்.

போடி பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஏசுதாசனின் மனைவி அவள். சபையின் பெண்கள் சங்கத்தில் யாருக்கு என்ன உதவி என்றாலும் முதலில் எழுந்து நிற்பாள். 2006 ஐப்பசியில், வாய்க்கால்கரைக் குடிசைகளைக் கணக்கெடுத்துத் தரச் சம்பளமில்லாமல் ஆள் வேண்டும் என்று நகராட்சி ஆபீஸில் கேட்டபோதும், “நான் போறேன்” என்று அவள்தான் முந்திக்கொண்டாள்.

வாய்க்கால்கரையில் நாற்பத்திரண்டு குடிசைகள். ஊர்ச் சாக்கடையெல்லாம் அந்த வழியாகத்தான் போகும். மழை வலுத்தால் அடுப்புக்குள்ளும் போகும். பொங்கலுக்குப் பிறகு குடிசைகளை இடித்து வாய்க்காலை அகலமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பட்டியலில் பேர் இருந்தால் ஊருக்கு வெளியே பட்டாவோடு ஒரு மனை. பேர் இல்லையென்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

வேலை என்னமோ சுலபம். வீட்டாள் பேரை எழுதி, கைநாட்டு வாங்கி, கதவில் நீலச் சாக்பீஸால் நம்பர் போட வேண்டும். வீடு பூட்டியிருந்தால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வர வேண்டும். மூன்று தடவை போயும் பூட்டியே கிடந்தால் அது ஆளில்லாத வீடு, பட்டியலில் கிடையாது.

வீட்டில் சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஜெபராணி பதினோரு மணிக்குத்தான் கரைக்கு வருவாள். மூன்று நாளும் பதினோரு மணி. நாற்பத்தொரு வீட்டில் ஒரு கிழமோ, கைக்குழந்தைக்காரியோ யாராவது இருந்தார்கள். கடைசி வீடு மட்டும் மூன்று நாளும் பூட்டிக் கிடந்தது.

“அது பஞ்சம்மா வீடுக்கா. புருசனும் பொண்டாட்டியும் மலைக்குப் போயிட்டாக. ஏலக்காத் தோட்டத்து ஜீப்பு அஞ்சு மணிக்கே வந்திரும். பொழுதடைஞ்சுதான் எறங்குவாக” என்றாள் பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய். “ஞாயித்துக்கெழம வாங்க. அன்னைக்கு இங்கனதான் கெடப்பாக.”

நல்ல நாள் சொன்னாள் போங்கள்! ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜெபராணி கடையில் உப்புக்கூட வாங்க மாட்டாள். இருந்தாலும், ஆராதனை முடிந்து ஒரு எட்டு போய்விட்டு வந்தால் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தால் அந்த ஞாயிறு சபையில் அறுப்பின் பண்டிகை. முந்நூறு பேர் பந்தியைக் கவனிக்கிற பொறுப்பு அவள் தலையில். கைகழுவி நிமிரும்போது இருட்டிவிட்டது. திங்கள் காலை பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். ஒரு வீடுதானே, ஆபீஸ் கிளார்க்கிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சொல்லவும் மறந்துபோனாள்.

பொங்கல் கழிந்த வாரம் மனைக்கு டோக்கன் வந்தது. கொடுக்கப் போனதும் ஜெபராணிதான். அன்றைக்கு மலைக்கு மேலே, கேரளாவில் பந்த். ஜீப் எதுவும் மலையேறவில்லை. கடைசி வீட்டு வாசலில் மெலிந்த பெண் ஒருத்தி, தலைக்குக் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

“வாங்கக்கா. நாந்தேன் பஞ்சம்மாள். ஒங்களப் பாக்கத்தேன் குடுத்து வைக்கல. நீங்க போட்டுட்டுப் போனதப் பத்திரமா வச்சிருக்கேன் பாருங்க.”

கதவில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு மூலையிலும் ஆணியடித்து வைத்திருந்தாள். உள்ளே நீல வட்டம், போட்டது போட்டபடி இருந்தது.

“கார்த்திக மழைக்கு எல்லாரு வீட்டு நம்பரும் அழிஞ்சு போச்சுக்கா. எனக்கு மட்டும் அழியல. எழுதப் படிக்கத் தெரியாட்டாலும் இதுக்குக்கூடவா வெவரம் பத்தாது?” என்று பஞ்சம்மாள் சிரித்தாள். “எனக்கு டோக்கன் எங்கக்கா?”

ஜெபராணி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்ததோ, “வரும் பஞ்சம்மா, அடுத்த கட்டுல வரும்.” பாவி! அதற்குப் பஞ்சம்மாள் கடுங்காப்பி வேறு போட்டுக் கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தாள்.

அங்கிருந்து நேரே ஆபீஸுக்கு ஓடினாள். கிளார்க் தாளைத் திருப்பிக் காட்டினார். “இது ஒங்க கையெழுத்துதானம்மா? ஆளில்லாத வீடுன்னு நீங்கதான எழுதிருக்கீக? நாப்பத்தொரு பேரு, நாப்பத்தொரு மனை. இனி ஒண்ணும் செய்ய முடியாது.”

அதற்குப் பின் எட்டு நாள் நடையாய் நடந்தாள். மனு எழுதினாள், போதகரைக் கூட்டிப்போனாள், அழுதும் பார்த்தாள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வாய்க்கால்கரைப் பக்கம் மட்டும் அவள் எட்டிப் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்திருந்தால் அந்த எட்டு நாளில் பஞ்சம்மாளாவது யார் காலிலாவது விழுந்திருப்பாள்.

ஒன்பதாம் நாள் காலையில் ஜேசிபி வந்தது. ஜெபராணி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். டோக்கன் வாங்கியவர்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி வீடு இருந்த இடத்தில் தகரமும் மண்ணும் குவிந்து கிடந்தன. பானைகள் நசுங்கி அதற்குள் கிடந்தன. பஞ்சம்மாளும் அவள் புருசன் சுருளியாண்டியும் ரோட்டோரம் கதவை நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“வந்துட்டீகளாக்கா!” பஞ்சம்மாள் முகம் மலர்ந்தது. “அள்ளுறதுக்கு நேரமே குடுக்கலக்கா. சட்டி பானை போனாப் போகுது, மொதல்ல கதவக் கழத்துங்கன்னு இவுககிட்டச் சொன்னேன். ஆபீசுல இதக் காட்டுனா மனை குடுத்துருவாகள்ல?”

இனியும் பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று ஜெபராணிக்குத் தோன்றியது.

“பஞ்சம்மா, அது வீடு பூட்டியிருந்துச்சுன்னு போட்ட குறி. எழுதுன வீட்டுக்கு நம்பரு போட்டோம். ஒன் வீட்ட நான் எழுதல. மூணு தடவ வந்தும் பூட்டிக் கெடந்துச்சு. ஆளில்லாத வீடுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”

அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் நின்றாள். மண்ணை வாரித் தூற்றினால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பஞ்சம்மாள் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பூட்டாம எப்பிடிக்கா வேலைக்குப் போறது?” என்று கேட்டாள்.

“கடைக்குப் பின்னாடி செட்டு ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் அங்கன வந்து...” என்று ஜெபராணி இழுத்தாள். அதை இருவரும் காதில் வாங்கவில்லை.

“விடு புள்ள. நாளைக்கு அஞ்சு மணிக்கு ஜீப்பு. வெளிச்சம் இருக்கையிலயே ஒரு எடம் பாப்பம்” என்றான் சுருளியாண்டி.

பஞ்சம்மாள் பிளாஸ்டிக் தாளைப் பிய்த்தாள். முந்தானையால் வட்டத்தைத் துடைத்தாள். ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாத மழைக்குத் தப்பியது ஒரே இழுப்பில் போய்விட்டது. பிறகு ஆளுக்கொரு முனையாகக் கதவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பூட்டு அதிலேயே தொங்கி ஆடிக்கொண்டு போனது.