பாட்டிலுக்குள் பூத்தது

வீட்டில் எல்லோரும் அவளைக் கேள்விக்குறி என்றுதான் கூப்பிடுவார்கள். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைந்தெடுக்காமல் விடமாட்டாள். அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்த பிறகு அவளுடைய கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. அண்ணி கலைஞர், ஆனால் தூரிகையைத் தொடுவதில்லை. ஓர் இலையைத் துணுக்குகளாக நறுக்கி, சர்க்கரையும் உரமும் கலந்த ஜெல்லியில் ஊன்றி, கிருமி புகாதபடி மூடிய பாட்டிலுக்குள் செடியாக வளர்ப்பாள். மாடி அறைத் தட்டுகளில், வெள்ளை விளக்கின் கீழே, அந்தப் பாட்டில்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் ஒரே இலையின் பிள்ளைகள். மண்ணையே பார்த்திராத தோட்டம்.

கண்காட்சிக் கூடத்தை நடத்தும் அம்மாள் அதற்கு நடுக்கூடத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: திறப்பு விழாவுக்குள் ஒரு பாட்டிலிலாவது பூ வரவேண்டும். வெறும் பச்சைக்கு யார் நின்று பார்ப்பார்கள் என்றார்.

அன்று அண்ணி அந்தக் கூடத்துக்குப் போயிருந்தாள். செடிகளுக்குக் காவல் கேள்விக்குறி. தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒரு பாட்டிலருகே வாயைப் பிளந்து நின்றாள். செடியின் காலடியில் பஞ்சுபோல வெள்ளையாக ஏதோ மலர்ந்திருந்தது. போனை எடுத்தாள்.

“அண்ணி, பூத்திருச்சு! ஓடி வாங்க!”

“நிஜமாவாடி? உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!”

அண்ணி அந்த அம்மாளையும் கையோடு அழைத்துக்கொண்டு வந்தாள். பாட்டிலைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

“இது பூ இல்லடி. பழைய ரொட்டியில பூத்திருக்குமே, அந்தப் பூ. பூஞ்சை.”

அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். “மூடி இருக்கே, உள்ள எப்படிப் போச்சு? யாராவது திறந்தீங்களா?”

கேள்விக்குறி அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள். அண்ணி திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

“திறந்துட்டோம்” என்றாள் அண்ணி. “நாங்கதான்.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் கேள்விக்குறி தாங்கியிருப்பாள். அந்த ‘நாங்க’தான் அவளைக் குத்தியது. தன் தப்பில் பாதியை அண்ணி கேட்காமலே வாங்கிக்கொண்டாளே!

“நாங்க இல்லம்மா, நான். போன வாரம் உள்ள வேர்த்து ஊத்திட்டிருந்துச்சு. ஜன்னல் சாத்தின பஸ்ல மாட்டின மாதிரி, பார்க்கவே பாவமா இருந்துச்சு. கொஞ்சம் காத்து வாங்கட்டும்னு திறந்து, விசிறியால வீசியும் விட்டேன்.”

“விசிறி வேறயா!” அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த வருத்தத்திலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அம்மாள் சிரிக்கவில்லை. “மூச்சு முட்டும்னு நினைச்சீங்களா?”

“முட்டாதா பின்னே?”

அம்மாள் தட்டுகளை மேலும் கீழுமாக, புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார்.

“பச்சைக்கு யார் நிப்பாங்கன்னு கேட்டேன். உங்க நாத்தனார் நின்னிருக்காங்க, அதுவும் விசிறியோட. நடுக்கூடம் உங்களுக்குத்தான். பூ வர்றப்போ வரட்டும். ஆனா இவங்களும் பக்கத்துல நிக்கணும். இவங்களைப் பார்த்து வர்றவங்களும் கேள்வி கேக்க ஆரம்பிக்கட்டும்.”

“நிக்கிறேம்மா. விசிறியை வீட்லயே வெச்சுட்டு வரேன்.”

அம்மாள் போனதும் அண்ணி அந்தப் பாட்டிலை எடுத்துக் குக்கருக்குள் வைத்தாள்.

“வேக வெச்சுக் கொல்லணுமா அண்ணி?”

“வேற வழியில்ல. விட்டா மத்ததுக்கும் பரவிடும்.”

பஞ்சுக்கு நடுவே செடியின் இலைகள் இன்னும் பச்சையாகவே இருந்தன.

“ஒரு நிமிஷம் அண்ணி.”

கேள்விக்குறி குக்கரின் விளிம்பைத் தொட்டபடி கண்களை மூடி, வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டாள். ஜெல்லியில் வளர்ந்த கால் சாண் செடிக்கு எதற்குப் பிரார்த்தனை என்று அண்ணி கேட்கவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் கண் திறக்கும்வரை காத்திருந்தாள்.