பெண் பார்க்க ஒரு ஜெபக் கூட்டம்

வேதக்காரர்கள் பெண் பார்க்க வருகிறோம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. "ஒரு சின்ன ஜெபக் கூட்டம் வச்சுக்கலாமே" என்று சொல்லியனுப்புவார்கள். தட்டு வேண்டாம், சகுனம் வேண்டாம், பெண்ணின் கையால் தேத்தண்ணி மட்டும் போதும். ஆண்டவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு எல்லாரும் பெண்ணைப் பார்ப்பார்கள். அவருக்கும் இது பழகிப்போய்விட்டது.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மேல்மலை லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்த ஜோசப்பின் என்பவளின் வீட்டுக்கு அப்படியொரு சொல் கொட்டகலையிலிருந்து வந்தது. அனுப்பியவர் எஸ்தரம்மாள், காலஞ்சென்ற உபதேசியாரின் மனைவி. மகன் எபநேசர் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். மாதச் சம்பளம் உண்டு, சைக்கிள் உண்டு. இந்த மலையில் அவர் சைக்கிளை ஓட்டியதைவிடத் தள்ளிக்கொண்டு போனதுதான் அதிகம். இருந்தாலும் சைக்கிள் சைக்கிள்தானே.

ஜோசப்பினின் மகள் மார்கிரட் அவரை ஹட்டனில் ஓர் அறுப்பின் பண்டிகையில் பார்த்திருக்கிறாள். பார்த்ததாக அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் சொல் வந்த அன்றைக்கு முன் திண்ணையான இஸ்தோப்பின் தரையை இரண்டு முறை மெழுகினாள். பெற்றவளுக்கு அது போதும். இந்த இடம் தவறக் கூடாது என்று ஜோசப்பின் அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

தவறுவதற்கு வாய்ப்பும் நிறையவே இருந்தது. எஸ்தரம்மாள் ஏற்கெனவே இரண்டு பெண்களை வேண்டாமென்றவர். ஒருத்தி பிரசங்கத்தின்போது கொட்டாவி விட்டாளாம். இன்னொருத்தி பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாளாம். அப்படிப்பட்டவரின் காதில் மார்கிரட் மலையில் செய்த காரியம் விழுந்தால் என்ன ஆகும்?

காரியம் இதுதான். மாதமொரு முறை ஆராதனை நடத்த வரும் போதகர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர்; கொட்டகலைச் சபைக்கும் அவர்தான். பேச்சு வேறு, இழுவை வேறு. ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய நேரத்தில் மார்கிரட் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அங்கிபோல் போர்த்திக்கொண்டு ஒரு பாறை மேல் ஏறினாள். "சகோதரமாரே, நான் உங்களிட்டைக் கேக்கிறன், நீங்கள் ஏன் நித்திரை கொள்ளுறியள்?" என்று ஆரம்பித்து, இல்லாத கண்ணாடியைக் கழற்றி, இல்லாத கைக்குட்டையால் துடைத்து, முழுப் பிரசங்கத்தையும் செய்து காட்டினாள். கொழுந்தெடுக்கும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாகூட அதட்ட வந்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ஒரே சுவர் தள்ளி அடுத்த காம்பராவில் இருக்கும் சாராள். அதுதான் ஜோசப்பினுக்கு வந்த சோதனை.

மற்றவர்கள் ஊர் வம்பைப் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது பேசுவார்கள். சாராள் முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பேசுவாள். "ஆண்டவரே, கடைசிக் காம்பராவில் புருஷனும் பெஞ்சாதியும் நாலு நாளா மொகம் பாக்காம இருக்கிறத நீர் அறிவீர்" என்பாள். அந்த நிமிஷம்வரை அதை அறிந்தவர் அவர் ஒருவர்தான். ஆமென் சொல்லும்போது லயமே அறிந்துவிடும். யாரும் கோபிக்கவும் முடியாது. வம்பென்றால் சண்டைக்குப் போகலாம், ஜெபத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

சாராளைக் கூப்பிடாமல் இருக்கவும் வழியில்லை. வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சும், குடிக்கும் கோப்பையும் அவளுடையவை. ஜோசப்பின் முதல்நாளே போய்ப் பேசிப் பார்த்தாள்.

"சாராளு, நாளைக்கு நீ ஜெபம் பண்ண வேணாம். ஒனக்குத் தொண்ட கட்டியிருக்கு."

"எனக்கா? நல்லாத்தான் இருக்கு அக்கா."

"பண்ணுனாலும் புள்ள பாறையில ஏறுன கதையெல்லாம் வேணாம்."

"நான் என்ன மனுசங்ககிட்டயா சொல்றேன்? ஆண்டவருகிட்டதான."

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"தெரியும். இருந்தாலும் நாம வாயத் தொறந்து சொல்லணும்னு எதிர்பாப்பாரு" என்றாள் சாராள். "கலியாணத்துக்கு முன்னுக்கு ஒரு பாவத்த அறிக்க பண்ணிட்டா நம்ம புள்ளைக்குத்தான அக்கா நல்லது."

மனசாரத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் எஸ்தரம்மாள் வெள்ளைச் சேலையில் வந்து பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் எபநேசர், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு. ஜோசப்பினின் புருஷன் வேதமுத்து வேதம் வாசித்தார். பதற்றத்தில் ஓர் அதிகாரம் வாசிக்க வேண்டியவர் அடுத்ததையும் சேர்த்து வாசித்தார். மார்கிரட் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பாயில் அமர்ந்தாள்.

"அக்கம்பக்கத்துல யாராச்சும் ஒருத்தர் ஜெபம் பண்ணுங்களேன்" என்று எஸ்தரம்மாள் சொல்லி முடிக்கவில்லை, சாராள் முழங்காலில் நின்றுவிட்டாள்.

முதலில் வானத்தையும் பூமியையும் படைத்ததற்கு நன்றி. பிறகு மழைக்கு நன்றி. பிறகு தோட்டத்துத் தொரைக்கு நல்ல புத்தி. எல்லாரும் கண்ணை மூடியிருக்க, ஜோசப்பின் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சாராளின் வாயையே பார்த்திருந்தாள்.

"இந்த வீட்டு மக மார்கிரட்டுக்காகவும் ஜெபிக்கிறோம் ஆண்டவரே. அவ விளையாட்டுத்தனமா மலையில..."

ஜெபத்தின் நடுவே பேசக் கூடாது. இருமலாம், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் பாட்டெடுத்துவிட்டால் தடுக்கிறவர் கிடையாது. ஆவியானவர் ஏவினார் என்று எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். ஜோசப்பின் எட்டுக்கட்டைக் குரலில் ஒரு கீர்த்தனையை எடுத்தாள். வேதமுத்துவுக்குப் பாட்டென்றால் உயிர். சங்கதி தெரியாமல் அடிக்குரலில் சேர்ந்துகொண்டார்.

கீர்த்தனை முடிந்தது. ஆனால் சாராள் இன்னும் ஆமென் சொல்லியிருக்கவில்லையே. முழங்காலை அசைக்காமல் விட்ட இடத்தில் தொடங்கினாள். "மலையில, ஆண்டவரே, உம்முடைய ஊழியக்காரர..."

ஜோசப்பினின் வாயில் அடுத்து வந்தது கிறிஸ்துமஸ் பாட்டு. அது ஜூன் மாதம். மாட்டுத் தொழுவம், மேய்ப்பர்கள், நட்சத்திரம் எல்லாவற்றையும் கடைசி அடிவரை பாடித் தீர்த்தார்கள்.

இந்தப் பாட்டின் நடுவில்தான் ஜோசப்பின் சுற்றிலும் பார்த்தாள். எபநேசரின் கண்கள் திறந்திருந்தன. மார்கிரட்டின் கண்களும் திறந்திருந்தன. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டது கூரையை அல்ல. சரி, அந்த மட்டில் நல்லது என்று திரும்பினால், எஸ்தரம்மாளும் கண்ணைத் திறந்துகொண்டு நேராக ஜோசப்பினையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணும் கண்ணும் முட்டின. ஏன் கண்ணைத் திறந்தாய் என்று இரண்டு பேராலும் கேட்க முடியாது. இரண்டு பேரும் சட்டென்று மூடிக்கொண்டார்கள்.

"அந்த ஊழியக்காரரப் போல அவ..." என்று சாராள் மூன்றாம் முறை ஆரம்பித்ததுமே ஜோசப்பின் வாயைத் திறந்தாள். எந்தப் பாட்டு என்று யோசிக்காமலே எடுத்துவிட்டாள். முதல் அடி முடிந்த பிறகுதான் தெரிந்தது, அது அடக்க ஆராதனைப் பாட்டு. பெட்டியைத் தூக்கும்போது பாடுவது. எடுத்த பாட்டை இறக்க முடியுமா? பெண் பார்க்க வந்த வீட்டில் எல்லாரும் ஒப்பாரிக் குரலில் அதைப் பாடினார்கள். வேதமுத்து கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

பாட்டு ஓய்ந்ததும், சாராள் மூச்சிழுப்பதற்குள் எஸ்தரம்மாள் "ஆமென்" என்றார். ஜெபம் அங்கேயே முடிந்தது.

"ஏங்க" என்று ஜோசப்பினைப் பார்த்தார். "இந்தம்மா ஒங்க மக பேச்ச எடுக்கிறப்பெல்லாம் நீங்க பாடுறீங்க. கடைசியில எங்கள அடக்கமே பண்ணிட்டீங்க. என்ன சங்கதி?"

ஜோசப்பின் சுருங்காத பாயை இழுத்துச் சரிசெய்தாள். வேதமுத்து கூரைத் தகரத்தை ஆராய்ந்தார். மார்கிரட்தான் எழுந்து நின்றாள்.

"நான் போதகர் ஐயா மாதிரி பிரசங்கம் பண்ணிக் காட்டுனேங்க. மலையில. அதத்தான் சொல்ல வந்தாங்க."

போச்சு, என்று ஜோசப்பின் நினைத்தாள். கொட்டாவிக்கே ஒரு பெண்ணைக் கழித்தவர் இதற்கு என்ன செய்வாரோ.

"பண்ணிக் காட்டு, பாப்போம்" என்றார் எஸ்தரம்மாள்.

"அம்மா" என்றார் எபநேசர் மெதுவாக.

"நீ சும்மா இரு."

மார்கிரட் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "சகோதரமாரே" என்று ஆரம்பித்தாள். முதலில் குரல் நடுங்கியது. கண்ணாடியைக் கழற்றுகிற இடம் வந்ததும் நடுக்கம் போய்விட்டது. எபநேசர் தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. எஸ்தரம்மாள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

முடிந்ததும் மார்கிரட் முந்தானையை இறக்கிவிட்டு நின்றாள்.

"தப்பு" என்றார் எஸ்தரம்மாள். "தொடச்ச ஒடனே கண்ணாடியப் போட மாட்டாரு. கையில வச்சிக்கிட்டே முன் பெஞ்சுல இருக்கிறவங்க மூஞ்சிக்கு நேரா ஆட்டுவாரு. இப்புடி." வேதமுத்துவின் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கேட்காமலே கழற்றி எடுத்தார். எழுந்து நின்றார். அவ்வளவுதான், அந்த இஸ்தோப்பில் போதகர் ஐயாவே வந்து நின்றார். இழுவை, செருமல், ஆராதனை முடிந்து யார் வீட்டில் சாப்பாடு என்று ஓரக்கண்ணால் தேடுவது, எல்லாம் இருந்தது. சாராள் சிரித்த சிரிப்பில் அவளுடைய கோப்பையே ஒன்று உடைந்தது.

"காலமெல்லாம் முன் பெஞ்சு" என்று எஸ்தரம்மாள் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "எத்தன போதகருங்கள பாத்துட்டேன். உபதேசியார் பெஞ்சாதி சிரிக்கப்படாது. நாங்க சிரிச்சா சபையே சிரிச்சிரும். வீட்டுக்கு வந்து அவருக்கு மட்டும் செஞ்சி காட்டுவேன். அவரு போன பொறகு யாருக்குக் காட்டுறது? இவன் வாத்தியாரு, பயப்புடுவான்."

பிறகு மார்கிரட்டைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "கோயிலுக்குள்ள மட்டும் வேணாம். நம்ம வீட்டுல நல்லா செய்யலாம்."

நம்ம வீட்டில் என்றாரே! ஜோசப்பின் அவர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிப் புருஷன் மூக்கில் மாட்டிவிட்டாள். மார்கிரட்டுக்கு இப்போதுதான் வெட்கம் வந்தது. எபநேசர் ஆறிப்போன தேத்தண்ணியைச் சூடானதுபோல் ஊதி ஊதிக் குடித்தார்.

"ஒங்க ஜெபத்த நான்தான் பாதியில நிறுத்திட்டேன்" என்று எஸ்தரம்மாள் சாராளிடம் திரும்பினார். "முடிச்சிருங்கம்மா, நாங்க பஸ்ஸுக்குப் போகணும்."

சாராள் முழங்காலில் நின்றாள். கண்ணை மூடினாள். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. மார்கிரட்டின் கதை அம்பலமாகிவிட்டது, லயத்துக் கதையெல்லாம் போன வாரமே சொல்லியாகிவிட்டது. ஆண்டவருக்குத் தெரிவிக்க அவளிடம் புதிதாக எதுவும் இல்லை.

"ஆண்டவரே" என்றாள் கடைசியில். "கொட்டகலையில இருந்து வந்திருக்கிற இந்தக் குடும்பத்தப் பத்தி எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. கூடிய சீக்கிரம் எனக்குத் தெரியப்படுத்தும். ஆமென்."