விளக்குமாற்றுத் தடம்

"நேத்து சாயங்காலம் இந்த மூலையில கணுக்கால் வரைக்கும் இலை கிடந்துச்சு. இப்ப பாரு, பாயே விரிக்காம படுக்கலாம்" என்றாள் தபால்காரம்மா.

தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவள் அவள். தெருமுனைப் பொது நிலத்தில் நாவல், நெல்லி, முருங்கை, தரையோடு வல்லாரை, வேலியில் கோவைக்கொடி என்று இந்த மண்ணின் செடிகளாகப் பார்த்து, தெருவாரோடு சேர்ந்து நட்டிருந்தாள். ஒருமுறை நட்டால் பல வருஷம் நிற்பவை. யாரும் பறித்துக்கொள்ளலாம். நிலம் கொடுத்த நகராட்சி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மூன்றாம் வருஷம் குழாய்த் தண்ணீர் கிடையாது. காடு தானாக நின்றால் நிலம் தெருவுக்கு. வாடினால் வண்டி நிறுத்துமிடம். குழாயைப் பூட்டி ஒரு மாதமாயிற்று. அதிகாரி வர இன்னும் ஐந்து நாள். மண்ணின் ஈரத்தைக் காப்பது உதிர்ந்த இலை மூடாக்கு ஒன்றுதான். மூன்று நாளாக முன்பக்கத்து மூடாக்கை யாரோ கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். மண்ணில் விளக்குமாற்றுத் தடம் மட்டும் கிடக்கிறது.

பக்கத்து வீட்டு டைலர் குரலைத் தாழ்த்தினாள். "மெக்கானிக் ஷெட்டு ஓரமா இலை மூட்டையைப் பாத்தேங்க்கா. வண்டி நிறுத்த இடம் வேணும்னு மனு குடுத்தவன்தானே அவன்?"

நேரே ஷெட்டுக்குப் போனாள் தபால்காரம்மா.

"இலையை எதுக்குப்பா அள்ளற?"

மெக்கானிக் நிமிர்ந்தான். "இலையைத் திருடி நான் என்ன ஆடா வளக்கறேன்?"

"காடு செத்தா இடம் யாருக்கு?"

"எனக்குத்தான். அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டு மனு குடுத்தேன். ஒளிஞ்சு செய்யற வேலை நமக்கு ஆகாதும்மா."

அவள் நம்பவில்லை. மறுநாள் விடிந்ததும் வேலியோரம் போய் நின்றாள். மெக்கானிக்கும் எதிர்ப்பக்கம் வந்து நின்றான்.

"நீ எதுக்கு வந்த?"

"திருடனைப் பாக்கத்தான். உங்களுக்கு மட்டுமா ஆசை?"

உள்ளே சர் சர் என்று பெருக்கும் சத்தம். நாவல் மரத்துக்குப் பின்னாலிருந்து குனிந்தபடி வெளியே வந்தது அவள் புருஷன்!

"என்னங்க பண்றீங்க?"

"அதிகாரி வர்ற இடம் இப்படிக் குப்பையா கிடந்தா உன்னைத்தானே பேசுவாங்க? முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டைப் பளபளன்னு வெச்சவன் நான். குப்பை வண்டி ஷெட்டுகிட்ட நிக்குமேன்னு மூட்டையை அங்கதான் வெக்கறேன்."

"அது குப்பை இல்லீங்க, மூடாக்கு! மண்ணுக்குப் போர்வை!"

"எங்கிட்ட எப்ப சொன்ன? டைலர்கிட்ட சொல்லியிருப்ப."

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தபால்காரம்மாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைய மூட்டையை மட்டும் திரும்பக் கொட்டினார்கள். மற்றவை எப்போதோ வண்டியேறிவிட்டன.

அதிகாரி வந்த அன்று முன்வரிசை வல்லாரை தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். உள்ளே போய் நெல்லி மரத்தடியில் இலையை விலக்கி விரலை அழுத்தினார். விரலில் ஈர மண் ஒட்டியது.

"முன்னாடி காய்ஞ்சு கிடக்கு, உள்ள மட்டும் ஈரமா? திருட்டுத்தனமா தண்ணி ஊத்தினீங்களா?"

"இல்லைங்க சார். முன்பக்கத்து இலையை எங்க வீட்டுக்காரர்தான்..."

"எல்லாரும் இப்படித்தான் ஒரு கதை வெச்சிருப்பீங்க." பேனா தாளுக்குப் போயிற்று.

"குழாய் என் ஷெட்டு வாசல்ல இருக்கு சார்" என்றான் வேலிக்கு அப்பாலிருந்து மெக்கானிக். "பூட்டின பூட்டு பூட்டினபடி இருக்கு. இவங்க குடத்தைத் தூக்கிட்டு வந்திருந்தா முதல் ஆளா நானே உங்ககிட்ட ஓடி வந்திருப்பேன்."

"இடம் கேட்டு மனு குடுத்தது நீங்கதானே?"

"ஆமா சார். இப்பவும் இடம் வேணும்தான்."

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்: 'நிலைத்திருக்கிறது.'

அவர் போனதும் டைலர் தபால்காரம்மாவின் காதைக் கடித்தாள். "அக்கா, இவன் எதுக்கு நமக்காகப் பேசறான்? உள்ளுக்குள்ள ஏதோ கணக்கு வெச்சிருக்கான்."

"வாயை மூடுடி" என்றாள் தபால்காரம்மா. மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்க வேலியை நோக்கி நடந்தாள்.