இருக்கையில் ஐம்பத்தெட்டு கிலோ

1

இனி வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. என் வாயில் மிச்சமிருக்கும் ஒன்பது சொந்தப் பற்களின் மேல் சத்தியம். மற்றவை கட்டிய பற்கள். இன்னொருவர் கைவேலையின் மேல் நான் சத்தியம் செய்வது முறையாகாது.

கதை கிடைத்த இடத்தையும் மறைக்கப் போவதில்லை. ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், பக்கத்து நாற்காலியில் தாடை வீங்கி உட்கார்ந்திருந்தவர் சொன்னது. வீங்கிய தாடையோடு பொய் சொல்ல யாரும் மெனக்கெட மாட்டார்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் வலிக்கும். கார்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. முன்னால் விளக்கு, பின்னால் புகை. அவ்வளவுதான்.

2

ஆரம்பத்தை எத்தனையோ முறை எழுதி அடித்தேன்.

"பல் மருத்துவர் பிறந்த அதே வருடத்தில்தான் அந்தக் காரும்—" வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்துப் பிறந்தநாள் கொண்டாட வேண்டி வரும்.

"பொறாமை என்பது ஒரு—" இதுவும் வேண்டாம். "என்பது ஒரு" என்று தொடங்குகிறவர் அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல்தான் தொடங்குகிறார்.

கடைசியில் தேறியது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை காலை, பந்தயத் தடத்தின் இடப்பக்க வளைவில், பல் மருத்துவரின் கார் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பழைய கார். இரண்டே இருக்கை, உருண்டை விளக்கு, உட்கார்ந்தால் தரையைத் தடவலாம். அதைப் பதினொரு வருடமாகத் தன் கையாலேயே தடத்துக்காகச் செதுக்கி வந்தார். கம்பளத்தைப் பிய்த்தார். ரேடியோவைக் கழற்றினார். ஹீட்டர் போனது, பக்கத்து இருக்கை போனது, கண்ணாடி போய் அந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்தது. கதவு அலுமினியத் தகடானது. கவிழ்ந்தாலும் தலை நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக்குழாயில் கூண்டு கட்டினார். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினார். இரட்டைக் கார்புரேட்டரைப் பிரித்து ஊசி ஊசியாகத் துடைத்துப் பூட்டினார். காரை இளைக்க வைத்த அதே வருடங்களில் அவர் மட்டும் பெருத்தார்.

"டயட்ல இருக்கறது கார். பசியெடுத்து சாப்பிடறது நீங்க," என்பாள் மனைவி.

அந்த இருக்கையில் வேறு யாரையும் அவர் உட்கார விட்டதில்லை. கழுவ வருகிறவர்கூட வெளியில் நின்று கையை நீட்டித்தான் துடைக்க வேண்டும்.

3

இங்கே தராசுக்காரரை அறிமுகப்படுத்த வேண்டும். தடத்தின் ஓரத்தில் ஷெட் வைத்திருக்கிறார். மருத்துவரின் கார் வாரம் முழுக்க அங்கேதான் நிற்கும். சாவி ஆணியில் தொங்கும், புதன்கிழமை மட்டும் தராசுக்காரருக்கு லீவு. நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தராசு வைத்து, ஓட்டுகிறவரின் எடைக்குச் சமமாக இருக்கையில் மணல் மூட்டை ஏற்றி, குறுக்கே எதிரெதிர் மூலையிலிருக்கும் சக்கர ஜோடிகள் சமமாகப் பாரம் சுமக்கும்வரை ஸ்பிரிங்கைத் திருகித் திருகிச் சரிசெய்வார். ஆள் மாறினால் கணக்கும் மாறும். வலப்பக்கம் வெண்ணெயாக வளையும் கார் இடப்பக்கம் கழுதையாகிவிடும்.

"இடப்பக்கம் அடம் பிடிக்குது. என்ன பண்ணினீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"நீங்க சொன்னதுதான் சார். ஐம்பத்தெட்டு கிலோ மூட்டை வெச்சு செட் பண்ணேன்."

"நான் எண்பத்து நாலு."

"போன வாரம் நீங்கதானே வீட்டு நம்பர்ல இருந்து கூப்பிட்டீங்க. 'இளைச்சுட்டேன், இனிமே ஐம்பத்தெட்டு'ன்னு. குரல்கூட ஒரு மாதிரி பொக்கையா இருந்துச்சு. பல் டாக்டருக்கே பல் வலியான்னு நினைச்சேன்." மருத்துவரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்: "நேர்ல பார்த்தா இளைச்ச மாதிரி தெரியல. கேக்கறது மரியாதையில்லன்னு விட்டுட்டேன்."

மருத்துவர் காருக்குள் போய் உட்கார்ந்தார். தோள் பெல்ட்டு எட்டவில்லை. காலையில் அதைத் தொப்பையின் குற்றமாக எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது டாஷ்போர்டில் இருந்த சின்ன டைமரை அழுத்திப் பார்த்தார். ஒரு சுற்றுக்கு எடுத்த நேரத்தை அது தேதியோடு ஞாபகம் வைத்திருக்கும். அவருடைய மிகச் சிறந்த சுற்றுக்கு மேலே புதிதாக ஒன்று ஏறியிருந்தது. மூன்று நொடி குறைவு. போன புதன்கிழமை.

புதன்கிழமை அவருக்கு நாள் முழுக்கக் கிளினிக்.

இந்த இடத்தில் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன் வீட்டிலிருந்தே யாரோ தன் பெயரில் பேசி, தன் காரை எடுத்திருக்கிறார்கள். திருட்டு என்று கத்தியிருக்கலாம். அவர் கத்தவில்லை, ஸ்பிரிங்கைத் திருப்பி மாற்றச் சொல்லவும் இல்லை. "மூணு நொடி," என்று மட்டும் சொன்னார். தடத்தில் மூன்று நொடி என்பது வேறொரு ஜென்மம். பதினொரு வருடத்தில் அவர் குறைத்ததே அவ்வளவு இருக்காது.

4

வீட்டு ஆட்கள். மனைவி மயக்க மருத்துவர். ஊசி மருந்தை எடைக்கு ஏற்றபடி கொடுத்துப் பழகியதால், ஆளைப் பார்த்தவுடன் எடையைச் சொல்லிவிடுவாள். கல்யாண வீடுகளில் இது ஒரு தொந்தரவு.

அப்புறம் அவளுடைய அப்பா, அதாவது மாமனார். கைத்தடி. முட்டி மடங்காது என்பதால் உயரமான நாற்காலியில்தான் உட்காருவார். வாயில் மாப்பிள்ளை கட்டிக்கொடுத்த பல்செட். புதன்கிழமைதோறும் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொள்ள டாக்ஸியில் போய்விட்டுச் சாயங்காலம் களைத்து வருவார். இவரால் கதைக்கு ஒரு பயனும் இல்லை. வெட்டிவிட்டேன்.

மனைவியின் தங்கை கணவர், நம் மருத்துவருக்குச் சகலை. மெத்தைக் கடை வைத்திருக்கிறார், பக்கத்துத் தெருவில் வீடு. காரின் மேல் அவருக்குக் கண். சந்தேகம் முதலில் அங்கேதான் போயிற்று.

மருத்துவர் கிளினிக் நாற்காலிக்கு முன்னால் ஓர் எடை மெஷினை வைத்தார். பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வந்தவர்களைக்கூட ஏறி இறங்கச் சொன்னார். திங்கட்கிழமை சகலையைச் சும்மா ஒரு தடவை பல்லைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லி வரவழைத்தார்.

"பல்லு பாக்க எடை எதுக்கு சகலை?"

"மருந்து அளவுக்கு."

"எனக்குச் சொத்தையே இல்லையே."

"இல்லைன்னு சொல்றதுக்கும் அளவு வேணும். ஏறுங்க."

எழுபத்தாறு. மருத்துவர் முகம் தொங்கிப்போனது. சகலை வாயைத் திறந்தபடியே, "கார் இடப்பக்கம் பேச்சு கேக்கலையாமே. கஷ்டமா இருந்தா எங்கிட்ட குடுத்துடுங்க. நான் பாத்துக்கறேன்," என்றார். வாய் திறந்திருந்ததால் பாதிதான் புரிந்தது. எரிச்சலுக்கு அந்தப் பாதி போதும்.

* இங்கே ஒரு பொறியியல் விளக்கம் இருந்தது. படித்துப் பார்த்தேன். எனக்கே தெரியக்கூடாத அளவுக்குத் தெரிந்திருந்தது. எடுத்துவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மருத்துவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எடையைக் கொறச்சுப் பாருங்களேன் மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

"இனிமே கார்ல எடுக்க ஒண்ணுமே இல்ல மாமா."

"கார்ல இல்லதான்."

(இவரை வெட்டினேன். எப்படியோ மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறார். அடுத்த பிரதியில் பார்த்துக்கொள்கிறேன்.)

5

இந்தப் பகுதியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. கதாபாத்திரத்தின் மேல் ஆசிரியருக்குப் பாசம் வந்துவிட்டால் இப்படித்தான், கை நகராது. ஆனாலும் சத்தியம் பண்ணியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை குளியலறை வாசலில் எடை மெஷினை வைத்துவிட்டு, மருத்துவர் மனைவிக்காகக் காத்து நின்றார்.

அவள் மெஷினைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ஏறணுமா?"

"சும்மாதான்."

"இத்தனை வருஷத்துல சும்மான்னு நீங்க எதுவும் கேட்டதில்ல."

ஏறினாள். அறுபத்து மூன்று.

"இப்ப நிம்மதியா?"

மருத்துவருக்கு நிம்மதி வரவில்லை. அதற்குப் பதிலாக வந்ததை என்னவென்று சொல்வது. பரீட்சையில் பிள்ளை தவறிய சேதி கேட்ட தகப்பன் மாதிரி மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீயா இருந்திருக்கலாம்," என்றார்.

அவள் இறங்கவில்லை. "எதுவா?"

"மூணு நொடி. நீயா இருந்தா... நம்ம வீட்டுக்குள்ளேயேதானே இருக்குன்னு விட்டிருப்பேன். வேற எவனோ. என் கார், என் கைபட்ட ஸ்டீரிங். அது எனக்குக் குடுக்காததை அவனுக்குக் குடுத்திருக்கு." மூச்சு விட்டுவிட்டுக் கேட்டார்: "நீ பார்த்தாலே சொல்லிடுவியே. ஐம்பத்தெட்டு கிலோ யாரு?"

அவள் கூடத்துப் பக்கம் திரும்பினாள். அங்கே உயரமான நாற்காலியில் யாரோ செய்தித்தாளை அகலமாக விரித்துப் பிடித்திருந்தார்கள்.

"யோசிச்சுத்தான் சொல்லணும்," என்றாள்.

எடை விஷயத்தில் அவள் யோசித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. பொறாமையில் இருக்கிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

அன்று சாயங்காலம் மருத்துவர் சகலையை வீட்டுக்குக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "வியாழக்கிழமை வந்து காரை எடுத்துக்கங்க. என்னைவிட நல்லா ஓட்டறவன் ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சப்புறம் அதுல ஏறி உக்கார என்னால முடியல."

"நிஜமாவா சகலை?"

"மனசு மாறறதுக்குள்ள சரின்னு சொல்லிடுங்க."

சாப்பாட்டு மேஜையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. (மாமனாரை வெட்டியாயிற்று. கரண்டியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.)

6

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது: வியாழக்கிழமை சகலை வந்து காரை எடுத்துப்போகிறார். முதல் வளைவிலேயே வைக்கோல் பொதிக்குள் செருகுகிறார். மருத்துவர் சிரிக்கிறார். வாசகர்களுக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. கார் பாவம்.

இரண்டாவது: டைமர்தான் கெட்டுப்போயிருந்தது, அப்படி ஒரு சுற்றே நடக்கவில்லை. இதைப் பாதி எழுதும்போதே கோபம் வந்துவிட்டது. யாரோ உயிரைக் கையில் பிடித்து ஓட்டிய சுற்றை ஒரு டைமரின் மேல் பழிபோட எனக்கு என்ன உரிமை—

சரி. மூன்றாவது.

காரை ஒப்படைக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. புதன்கிழமை. மருத்துவர் நோயாளிகளை எல்லாம் மறுநாளுக்குத் தள்ளிவிட்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தடத்துக்குப் போனார். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், இடப்பக்க வளைவுக்கு நேராக நின்றார். கையில் காரின் மாற்றுச் சாவி. பிடிபட்டவனிடம் என்ன கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார்.

சத்தம்தான் முதலில் வந்தது. தான் பூட்டிய கார்புரேட்டரின் சத்தம் என்று தெரிந்தது, ஆனால் இப்படி அவர் கேட்டதில்லை. அடுத்து கார் வந்தது. தாழ்வாக, உருண்டைக் கண்ணோடு, இரும்பெல்லாம் உதிர்ந்து எலும்பும் மூச்சுமாக.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதினொரு வருடத்தில் தன் கார் ஓடி அவர் பார்த்ததே இல்லை. எப்போதும் உள்ளேதான் இருந்திருக்கிறார்.

வளைவு நெருங்கியது. அவருடைய வலது கால் தானாக மண்ணில் பிரேக்கை அழுத்தியது. காரின் பின்விளக்கு உடனே எரியவில்லை. ஒரு மூச்சு கழித்துத்தான் எரிந்தது. கழுதை, வெண்ணெயாகத் திரும்பிப் போயிற்று.

அந்த ஒரு மூச்சில்தான் இருந்தன மூன்று நொடியும்.

இரண்டாவது சுற்றிலும் கால் அழுத்தியது, விளக்கு பிந்தித்தான் எரிந்தது. மூன்றாவது சுற்றில் காலை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. நெஞ்சு எரிந்தது. அழகாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததால் இன்னும் எரிந்தது. வேலியோரம் வெள்ளையாக ஒரு புள்ளி. அடுத்த சுற்றில் அது கோட்டுப் போட்ட ஆள். அதற்கடுத்த சுற்றில் அந்த ஆள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, சின்னப்பிள்ளை மாதிரி—

(மன்னிக்கவும். பார்வை எங்கோ நழுவி வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கதையை மருத்துவர் பக்கம் நின்றுதான் சொல்ல வேண்டும். அடித்து எழுத நேரமில்லை.)

கார் வேகம் குறைந்து ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றது. மருத்துவர் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். கதவு திறந்தது. ஹெல்மெட் போட்டிருந்த ஆள் வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் ஒரு கால். அப்புறம் கூண்டுக்குழாயைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே இன்னொரு கால். மருத்துவர் சாவியை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார். ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"எந்த இடத்துல பிரேக் அழுத்தறீங்க?" என்று கேட்டார்.

ஹெல்மெட் போட்டிருந்தவரின் ஒரு கை தாடைக்கடியில் வாரைத் தேடியது.

7

இங்கே நிறுத்துகிறேன். வாரை அவிழ்த்து ஹெல்மெட்டைத் தூக்கும் வேலை உங்களுடையது. உள்ளே யார் முகத்தை வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வியாழக்கிழமை சகலை வந்தபோது கார் ஷெட்டில் இருந்ததா, அவர் வெறுங்கையோடு திரும்பினாரா, அதற்கடுத்த வாரம் தராசுக்காரர் எத்தனை கிலோ மூட்டையை இருக்கையில் ஏற்றினார், எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். நான் கேள்விப்பட்டதை எழுதினேன். காத்திருப்பு அறையில் அதற்குள் தாடை வீங்கியவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

என் எடை ஐம்பத்தெட்டு கிலோ.