வெளையாடவா, வண்டிக்கா?

"வெளையாடவா, வண்டிக்கா?"

கடைக்காரர் யஹ்யா பாய் இதைச் சாதாரணமாகத்தான் கேட்டார், தேத்தண்ணிக்குச் சீனி போடவா வேண்டாமா என்பதைப் போல. தனலெட்சுமி மகளைப் பார்த்தாள். மகள் லோஷினி தன் சப்பாத்தைப் பார்த்தாள். கணவன் யுகேந்திரன் மட்டும் சுவரில் வரிசையாகத் தொங்கிய பேஸ்பால் பேட்டுகளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளையாடத்தான் பாய்," என்றாள் தனலெட்சுமி அவசரமாக. "புள்ளைக்கு. பதினோரு வயசு. பெக்கான் நானாஸ் திடல்ல பேஸ்பால் பழகுறா. அடுத்த வாரம் மாவட்டக் குழுவுக்கு ஆள் எடுக்குறாங்க."

"அலமாக், கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. பேட் வாங்க வர்ற பத்துப் பேர்ல ஒருத்தர்தான் பந்தும் கேப்பாரு. மத்தவங்க எல்லாம் ரோட்டுச் சண்டைக்கு, வண்டி சீட்டுக்கு அடியில போடத்தான் வாங்குறாங்க. அதான் கேட்டேன்."

யுகேந்திரன் சிரித்தான். தனலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை.

பேட் வேண்டும் என்ற பேச்சு வந்த நாளிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திடலில் பொதுவாகக் கிடந்த இரண்டு பேட்டும் பெரிய பையன்களுக்கான கனத்தில் இருந்தன. லோஷினி வீசினால் பந்து போன பிறகுதான் பேட் வந்து சேரும். "லைட்டா ஒன்னு சொந்தமா வாங்கிக் குடுங்க அக்கா, இவ கண்ணு பந்த நல்லாப் பிடிக்குது," என்று பழக்கிவிடும் பிரவீனா டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை அன்றைக்குச் சோறு தின்னும்போதும் பேசினாள், படுக்கையை விரிக்கும்போதும் பேசினாள். இல்லை என்று சொல்லவும் முடியாது. சரி என்று ஒரு பேட்டை வீட்டுக்குள் கொண்டுவரவும் தனலெட்சுமிக்கு மனசு துணியவில்லை.

காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யுகேந்திரன் வீட்டில் குரல் உயர்த்தாதவன். பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவான். துணி மடிப்பான். வாரம் ஆறு நாள், விடிவதற்குள் மோட்டார்சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். அந்தப் பாலத்து நெரிசல்தான் அவனுக்குள் எதையோ திருகி வைத்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாள். சாலையில் இறங்கிவிட்டால் வேறு ஆள்.

போன தீபாவளிக்கு முந்தின நாள், ஸ்கூடாயில் ஒரு பையன் மோட்டார்சைக்கிளில் உரசிக்கொண்டு போய்க் காரின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டான். யுகேந்திரன் விரட்டினான். செனாய் வரைக்கும் விரட்டிப்போய் மறித்து, ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்பு லாக்கை உருவிக்கொண்டு இறங்கினான். பையன் வண்டியைப் போட்டது போட்டபடி செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டான். ஓடாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தனலெட்சுமி யோசிக்காத நாளில்லை. பையன் விட்டுப்போன வண்டியின் விளக்கும் மீட்டரும் லாக் அடியில் தூள் தூளாயின. யுகேந்திரன் திரும்பி வந்து உட்கார்ந்து, "போலாம்" என்றான். வீட்டுக்கு வந்து பார்த்தால் பின் சீட் நனைந்திருந்தது. பத்து வயதுப் பிள்ளை. தனலெட்சுமி துடைத்துக் காயவைத்தாள். அதைப் பற்றி மூவரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அந்த லாக்கைக் கால்வாயில் வீசிவிட்டு, காணோம் என்றாள். அவனும் தேடவில்லை.

இப்போது காசு கொடுத்து அதைவிட நீளமாக ஒன்றை வாங்க வந்திருக்கிறார்கள்.

யுகேந்திரன் கறுப்பு பேட் ஒன்றை எடுத்தான். இருந்ததிலேயே நீளமானது. அதன் தலையால் இடது உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினான். அவன் தட்டிய தினுசை தனலெட்சுமி கவனித்தாள். பந்து அடிக்கிறவர்கள் அப்படித் தட்டுவதில்லை.

"இது எப்படி பாய்?"

"அது முப்பத்திரண்டு இன்ச்சு தம்பி. பெரிய ஆளுங்களுக்கு."

"வளர்ற புள்ளதானே? சப்பாத்தே ஒரு சைஸ் பெருசாத்தான் வாங்குறோம்."

"சப்பாத்துல பஞ்ச வச்சு அடைச்சுக்கலாம். பேட்டுக்கு என்னத்த வச்சு அடைப்பீங்க?" யஹ்யா பாய் அதை வாங்கி லோஷினியிடம் கொடுத்தார். "இந்தாம்மா, ஒரு கையில பிடி. பக்கவாட்டுல நேரா நீட்டு. நான் சொல்ற வரைக்கும் எறக்காத."

லோஷினி நீட்டினாள். கொஞ்ச நேரத்திலேயே பேட்டின் நுனி ஆடத் தொடங்கியது. பிறகு முழங்கை ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து அவர், "எறக்கு, எறக்கு. கையி ஒடிஞ்சிரும்," என்றார்.

உள்ளே போனவர் பெட்டிகளை இழுத்துப்போடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. "கடைக்கு வர்ற சரக்கே கனமாத்தான் வருது," என்று அங்கிருந்தே பேசினார். "வெளையாடாதவன் கனத்தத்தான் கேப்பான். கம்பெனிக்காரன் அதத்தான் அனுப்புவான். புள்ளைங்க சைஸ் வேணும்னா இப்படி மண்ணுல பொதையல் எடுக்குற மாதிரி எடுக்கணும்."

நீல நிற பேட் ஒன்றோடு வந்தார். அதன் அடிக்குமிழை லோஷினியின் நெஞ்சுக்கு நடுவில் வைத்துக் கையை நீட்டச் சொன்னார். பேட்டின் தலை அவள் உள்ளங்கைக்குள் சரியாக அடங்கியது. பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். நுனி ஆடவில்லை.

"இருபத்தொம்பது. அலாய். பழக்கி எடுக்கத் தேவையில்ல, இன்னைக்கே அடிக்கலாம். கார்பன்ல வர்றது வெல கூட, ஆனா வெடிச்சா தூக்கிப்போட வேண்டியதுதான். இது அடிபட்டா நெளியும், அவ்வளவுதான். பந்து ஓரத்துல பட்டா மட்டும் உள்ளங்கை சுரீர்னு இருக்கும். தாங்குவியாம்மா?"

"தாங்குவேன் அங்கிள்," என்றாள் லோஷினி. கடைக்கு வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"தொட்டாப் பறந்துரும் போல," என்றான் யுகேந்திரன். கறுப்பு பேட் மறுபடி அவன் கைக்கு வந்திருந்தது. "ரெண்டும் எடுத்துக்கலாமா? அவளுக்கு அது. இது சும்மா, வண்டியில கெடக்கட்டும். ரோட்டு நெலவரம் அப்படி லா, தனம்."

"ஒன்னு போதும்."

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. யஹ்யா பாய் ரசீதுப் புத்தகத்தில் குனிந்துகொண்டார். யுகேந்திரன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கறுப்பு பேட்டை ஆணியில் மாட்டினான்.

வெளியே வந்ததும் லோஷினி பேட்டை மடியில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். தனலெட்சுமி கேட்கவில்லை. காரின் பின்பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு சாவியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் ஓட்டுறேன்."

"நீயா? நம்ம ஊருக் கம்பத்துக்குள்ள கிளினிக்குக்கு ஓட்டுற மாதிரியா? இது ஸ்கூடாய் ரோடு."

"நேத்து ஓவர்டைம் செஞ்சிருக்கீங்க. கண்ணு செவந்து கெடக்கு பாருங்க."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு இடப்பக்கம் ஏறினான்.

ஸ்கூடாய் தாண்டிப் பொந்தியான் சாலையில் விழும்வரை அவள் மூச்சை முழுசாக விடவில்லை. அதற்குப் பிறகும் அறுபதைத் தாண்டவில்லை. யுகேந்திரனின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது, இல்லாத ஆக்சிலேட்டரை மிதித்தது. முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"எடு, எடு, இப்ப எடு... ஹையோ. மணல் லாரி நம்மள முந்துது தனம். இனிமே நடந்து போறவன் முந்துவான். அவன் கையாட்டிட்டுப் போவான், நீயும் ஆட்டு."

பின்னால் லோஷினி மூக்கால் சிரித்தாள். தனலெட்சுமிக்கும் உதடு லேசாக வளைந்தது. கொஞ்ச தூரம் அப்படியே நல்லபடியாகப் போனது.

பிறகு கண்ணாடியில் ஒரு வெள்ளை பிக்-அப் முளைத்தது. பின்னால் ஒட்டிக்கொண்டு விளக்கை அடித்தது. ஹாரனை அமுக்கிப் பிடித்தது. எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தன, ஓரத்தில் அன்னாசிக் கடைகள், ஒதுங்க இடமில்லை. கிடைத்த சந்தில் பிக்-அப் சீறிக்கொண்டு முந்தியது. முந்தும்போது ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. பொட்டலத்தில் கட்டிய ஐஸ் தேத்தண்ணி முன்கண்ணாடியில் வந்து விழுந்து வெடித்தது.

ஒரு கணம் சாலையே தெரியவில்லை. தனலெட்சுமி வைப்பரைத் தேடி, முதலில் சிக்னலைப் போட்டு, பிறகு வைப்பரைப் போட்டாள்.

"புடி அவன!" யுகேந்திரன் முன்னே சரிந்து டேஷ்போர்டில் அறைந்தான். "மிதி தனம்! மிதின்றேன்ல!"

அவள் மிதிக்கவில்லை.

"நிறுத்து. ஓரமா நிறுத்து, நான் ஓட்டுறேன்."

அவள் நிறுத்தவுமில்லை. பின்பார்வைக் கண்ணாடியில் லோஷினியின் கை தெரிந்தது. சீட்டின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தது. யுகேந்திரன் வண்டி நம்பரைத் திரும்பத் திரும்பச் சொன்னான். பிக்-அப் கண்ணுக்கு மறைந்த பிறகும் சொன்னான். தூரத்தில் ஊர் வர வர, போய்த் தொலைந்தான், போய்த் தொலைந்தான் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தொலையவில்லை. பெக்கான் நானாஸ் சாலை விளக்கில் சிவப்பு. மூன்று வண்டிக்கு முன்னால் அதே வெள்ளை பிக்-அப்.

யுகேந்திரன் கதவைத் திறந்தான். "ஏங்க, வேணாங்க," என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிட்டான். ஆனால் முன்னால் போகவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து, பின்பெட்டியின் மேல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினான்.

"தொற! பின்னால தொற!"

திறக்கும் விசை அவள் சீட்டுக்குக் கீழேதான் இருந்தது. அவன் திற என்றால் திறந்து பழகிய கை. அது தானாகக் கீழே போய், விசையைத் தொட்டும்விட்டது. இழுக்கவில்லை. தட்டு இன்னும் பலமாக விழுந்தது.

பச்சை விழுந்தது. முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்தன. பிக்-அப் வலப்பக்கம் திரும்பிப் போயே போய்விட்டது. தனலெட்சுமி காலை அழுத்தினாள்.

"ம்மா, அப்பா ரோட்டு நடுவுல நிக்கிறாரு."

"தெரியும்."

"ஏத்திக்கலயா?"

"இல்ல."

திடலுக்குத் திரும்ப வேண்டிய முடக்கை விட்டுவிட்டாள். சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் விட்டுவிட்டாள். கைப்பையில் போன் துடித்தது, அடங்கியது, திரும்பவும் துடித்தது. "நம்ம ரெண்டு தடவ இதே கடையப் பாத்துட்டோம்," என்றாள் லோஷினி மெல்ல.

திடலில் பிரவீனா டீச்சர் நீல பேட்டை வாங்கி ஒரு வீச்சு வீசிப் பார்த்தார். விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். "ரொம்பச் சரியான சைஸ் அக்கா. யாரு பாத்து எடுத்தது?"

"டீச்சர், இத உங்க ஸ்டோர்லயே வச்சுக்க முடியுமா? வீட்டுக்கு வேணாம்."

"வீட்டுக்கு வேணாமா?" டீச்சர் சிரித்தார். "தெனமும் சாயங்காலம் வீட்டு முன்னால வீசிப் பழகத்தானே சொந்த பேட்டு? இங்க பூட்டி வச்சா வாரத்துக்கு ஒரு நாள்தான். அப்புறம் பழைய பேட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

லோஷினி அடிக்கும் இடத்தில் போய் நின்றாள். முதல் பந்து தப்பியது. இரண்டாவது பட்டது. டிங் என்று கோயில் மணிபோல ஒரு சத்தம். பந்து எல்லோர் தலைக்கும் மேலே போனது. பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள். அடுத்ததும் பட்டது. அதற்கடுத்ததும். இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்பதையே தனலெட்சுமி அன்றுதான் பார்த்தாள்.

யுகேந்திரன் வேலி வாசலில் தெரிந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. வேகமாகத் திடலுக்குள் நடந்து வந்தான். என்ன சொல்லப்போகிறான், தான் என்ன சொல்வது என்று அவள் வார்த்தைகளைத் திரட்டினாள்.

அவன் தனலெட்சுமியிடம் வந்து சேர்வதற்குள் லோஷினி அவனைப் பார்த்துவிட்டாள். உடனே பேட்டை இரண்டு கையாலும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள்.

"லோஷினி, என்னாச்சு? பந்து வருது," என்றார் டீச்சர். பந்து வந்து, அவளைக் கடந்து போனது. அவள் அசையவில்லை.

யுகேந்திரன் நின்றான். மகள் யாரைப் பார்த்து அப்படி நிற்கிறாள் என்று திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. வேலியும் அவன் வந்த வாசலும்தான் இருந்தன.

தனலெட்சுமி அவன் கைகளையே பார்த்தாள். அவை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவை போல ஒருமுறை இடுப்புக்குப் போயின, ஒருமுறை சட்டைப் பைக்குப் போயின. பிறகு அவன் வந்த வழியே நடந்து, வேலிக்கு வெளியே போய், திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்தான்.

இரண்டு பந்து வீணாகப் போன பிறகு டிங் என்று கேட்டது. அவன் திரும்பவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்தான்.

பயிற்சி முடிந்து, லோஷினி பேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். இந்தமுறை தனலெட்சுமி தடுக்கவில்லை. யுகேந்திரன் எழுந்து காருக்கு அருகில் வந்தான். ஆனால் கதவைத் தொடவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் நடந்து வர்றேன்."

ஏறுங்க என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

அவன் பின் சீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. தேத்தண்ணி காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டியிருந்த முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்த பேட்டு வண்டியில இருக்குற அன்னைக்கெல்லாம்."

"ஒரு நாள் பயிற்சி முடிய நேரமாயிரும். மழை வரும்."

"வரட்டும்."

சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டான். தனலெட்சுமி காரைக் கிளப்பினாள். குறுகலான பாதையில் அவனை எட்டிப் பிடிக்க அதிக நேரமாகவில்லை. பின்னால் லோஷினி ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். வண்டிச் சத்தம் கேட்டு அவன் புல்லில் இறங்கி ஒதுங்கி நின்றான், போ என்று கையைக் காட்டினான்.

அவள் போனாள்.