அந்தப் பக்கத்து ஆணி

சுவரில் ஒரே ஒரு பலகை நிற்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

எக்ஸ்ரேக்காரருக்கு வீட்டில் வைத்த பெயர் 'அரைகுறை'. ஆஸ்பத்திரியில் அவர் கில்லாடி. வீட்டிலோ பாதி பெயின்ட் அடித்த கேட், மூன்று காலில் தள்ளாடும் ஸ்டூல், அவர் கழற்றிய நாளிலிருந்து பேசாத ரேடியோ. எதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் போதும், மறுபடி மூட மனசு வராது மனுஷனுக்கு. இப்போது ஓடாத சுவர்க் கடிகாரங்களாக வாங்கிச் சேர்த்திருந்தார். அவற்றைப் பிரித்துப் போட்டு உட்கார, கொல்லைப்புற ஷெட் வேண்டும் என்றார்.

அதே ஷெட்டின் மேல் மனைவியின் தம்பியான மச்சானுக்கும் ஒரு கண். புதுக் கார் வாங்கிவிட்டான், நிறுத்த இடமில்லை. ஷெட்டை இடித்தால் கார் கச்சிதமாக நிற்குமாம்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என் உயிரை வாங்குறீங்க," என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை தம்பி வர்றான். அதுக்குள்ள ஒரு பலகையாவது ஒழுங்கா அடிச்சு முடிங்க. நின்னா ஷெட் உங்களுக்கு. விழுந்துச்சுன்னா அவனுக்கு."

சவால் என்றதும் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். உடைந்த வாளி, பழைய மெத்தை, எலி கடித்த சாக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே எறிந்தவர், எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்ததைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓர் அலுமினிய ஏணி.

பின்வீட்டுக் கணக்கு டீச்சரின் ஏணி அது. அவளும் இவர் மனைவியும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். "ஏணியைத் திருப்பிக் குடுத்துட்டேன்" என்று இவள், "குடுக்கவே இல்ல" என்று அவள். அந்த ஒரு பேச்சில் உறவு முறிந்து, வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். இப்போது போய் ஏணியைக் காட்டினால்? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்று சாக்கைப் போட்டு மூடி மூலையில் தள்ளிவிட்டார்.

பின்சுவரில் பலகையை அடித்தார். ஆஸ்பத்திரிப் பழக்கம், சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார், அடித்து முடித்து "விடலாம்" என்பார். யாருக்குச் சொன்னாரோ, அந்த ஆணிக்கே வெளிச்சம்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் பலகை தரையில். கடிகாரங்கள் சிதறிக் கிடந்தன. இன்னும் நீள ஆணி வாங்கி அடித்தார். அதுவும் விழுந்தது. அதைவிட நீளமானதை வாங்கினார். அதுவும்!

"இந்தச் சுவர்லதான் ஏதோ இருக்கு," என்றார்.

"ஆமாமா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சொல்லிவிட்டு மனைவி காய் நறுக்கப் போய்விட்டாள்.

அவருக்கு ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ரோஷத்தைவிட ஆர்வம் பெரிது. விழுந்த ஆணிகளைப் பொறுக்கிப் பார்த்தார். சாதாரணமாக ஆணியின் தலைதானே அடிபட்டிருக்கும்? இவற்றில் முனையும் நசுங்கியிருந்தது. அட, கூர்மையான முனையை யார் அடிப்பார்கள்? எலி அடிக்குமா?

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஷெட்டில் பூனை மாதிரி உட்கார்ந்தார். மத்தியானம் சுவரில் 'டொக்' என்றது. அவர் கண்ணெதிரே ஆணி ஒன்று தானாகப் பின்னோக்கி வந்தது. இன்னொரு 'டொக்'. ஆணி கீழே விழுந்தது. மெல்ல எழுந்து ஆணி இருந்த ஓட்டையில் கண்ணை வைத்தார்.

அந்தப் பக்கம் இன்னொரு கண்!

"ஐயோ!" என்று இரண்டு பக்கமும் அலறல்.

"யாரது?"

"நான்தான், கணக்கு டீச்சர். உங்க வீட்டு ஆணியா இது? தினமும் என் சுவத்துல மூக்கை நீட்டுது. நானும் தினமும் திருப்பி அடிக்கிறேன்."

அவளும் தன் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, மரத்தில் பறவை செதுக்கிக்கொண்டிருந்தாளாம். இருவருக்கும் நடுவில் ஒரே ஒல்லிச் சுவர். இவர் ஆணியை அவள் தள்ள, அந்த அதிர்வில் அவள் பறவைகளை அடுக்கியிருந்த பலகையும் ஆட்டம் கண்டிருந்தது.

"நாளைக்கு இது விழுந்தா ஷெட் போச்சு டீச்சர்," என்று இவர் கதையெல்லாம் சொன்னார்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். "ஆணி வேணாம். போல்ட்டு போடுங்க. தலை உங்க பக்கம், நட்டு என் பக்கம். ரெண்டு பலகையும் ஒரே போல்ட்டுல நிக்கட்டும். ஆனா உங்க வீட்டுக்காரிகிட்ட என்னைப் பத்தி மூச்சு விடாதீங்க."

இவர் துளை போட, அவள் முறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கையில் அளவு டேப்போடு வந்தான். பலகையைப் பார்த்துச் சிரித்தான். "இதுவா மாமா நிக்கும்?" என்று இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். பலகை அசையவில்லை. விடுவானா அவன்? காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு உலுக்கினான்.

"யாருடா அது? என் கிளி, குருவி எல்லாம் விழுது!" என்று சுவர் கத்தியது.

மச்சான் பயந்து பலகையை விட்டுத் தரையில் உட்கார்ந்தான். எக்ஸ்ரேக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். எல்லாம் கெட்டது, ஷெட்டும் போச்சு என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அவள் சுவரருகே போய் நின்றாள். பலகையைத் தடவினாள், போல்ட்டைத் தொட்டாள்.

"நீயாடி?" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து "நான்தாண்டி," என்று மெல்ல வந்தது.

"தம்பி," என்றாள் மனைவி, திரும்பாமலே. "காரை வேற எங்கயாவது நிறுத்திக்க. இந்தச் சுவத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

பிறகு நேராக மூலைக்குப் போய்ச் சாக்கை விலக்கினாள். எக்ஸ்ரேக்காரர் திடுக்கிட்டார். "உனக்குத் தெரியுமா?"

"நீங்க மூடி வச்ச அன்னிக்கே பார்த்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கொண்டுபோய்க் குடுக்கறதுன்னுதான் பேசாம இருந்தேன்."

ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அதை மதிலில் சாத்தி, தானே மேலே ஏறி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.