வெளிர்நீலத் தட்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பாசியம்மா. வாசல் காவலர் முதல் டைரக்டர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் அதை ஏதோ விருது கிடைத்த மாதிரி ஏற்றுக்கொண்டாள். அவள் கணவனுக்குத் தனிப் பட்டப்பெயர் எதுவும் அமையவில்லை. பாசியம்மா வீட்டுக்காரர், அவ்வளவுதான். அதில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. காலையில் ஒன்றாகப் பஸ் ஏறி, எதிரெதிர் அறைகளில் வேலை பார்த்து, மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிடும் வாழ்க்கை எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவன் அடிக்கடி நினைத்துக்கொள்வான்.

அவள் அறை முழுக்க ஆள் உயரக் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே கடலிலிருந்து வந்த பழுப்புப் பாசி விளக்கு வெளிச்சத்தில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். அவள் அதோடு பேசுவாள், வளராவிட்டால் திட்டுவாள். எதிர் அறையில் அவன் சத்தமில்லாமல் இருப்பான். ரத்த வங்கியிலிருந்து வரும் ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்து, பிளாஸ்டிக் தட்டுகளில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளில் வளர்ப்பது அவன் வேலை. அவள் பாசியிலிருந்து சாறு எடுத்துத் தருவாள். அவன் அதைச் செல்களின் மேல் விட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பான். நோய் எதிர்ப்புச் செல் வாசலில் படுத்திருக்கும் நாய் மாதிரி, வேற்று ஆள் வந்தால் குரைக்கும். அந்தக் குரைப்பை நிறமாக்கிக் காட்ட வழி உண்டு. குழி எவ்வளவு நீலமோ அவ்வளவு குரைப்பு.

எத்தனையோ பாசிகளை அரைத்துக் கொடுத்துப் பார்த்தும் செல்கள் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. டைரக்டர் அம்மாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன், உருப்படியாக ஒன்றும் இல்லையென்றால் தொட்டிகளை எடுத்துவிட்டு அந்த அறையில் குளிர்பெட்டிகளை வைக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அந்த வாரம்தான், இரண்டு மாதம் முன்பு புதிதாக வந்த கொழகொழத்த பழுப்புப் பாசியின் சாறு பட்டு, குழிகள் நீலமாயின. வெளிர்நீலம்தான், ஆனாலும் நீலம். பாசியம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. என் பாசி எதிர்ப்புச் சக்தியை எழுப்புது என்று டைரக்டரின் அறைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அவனுக்கு மனசு அரித்தது. பாசி என்றைக்கும் தனியாக வாழ்வதில்லை. அதிலும் கொழகொழவென்று இருந்தால் பாக்டீரியா கும்பலாக வந்து ஒட்டிக்கொள்ளும். கொதிக்கவைத்துக் கொன்றாலும் அவற்றின் மேல்தோல் சாற்றில் தங்கிவிடும். அந்தத் தோல் துளி பட்டாலே போதும், செல்கள் தொண்டை கிழியக் குரைக்கும். அப்படியானால் எழுப்பியது யார்?

மறுநாள் மிச்சச் சாற்றைத் தோல் கண்டுபிடிக்கும் மருந்தில் விட்டான். தோல் இருந்தால் அது மஞ்சளாகும். விட்டதுதான் தாமதம், குழாய் மஞ்சளோ மஞ்சள். நாம் நினைத்தது சரி என்ற சந்தோஷம் ஒரு கணம் எட்டிப்பார்த்தது. அடுத்த கணமே அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

நடைபாதையில் அவளிடம் சொன்னான்.

"சாறுல நெறைய பாக்டீரியாத் தோல் இருக்கும்மா. செல்லு கத்தினது அதுக்காகத்தான் இருக்கும்."

"என் பாசி அழுக்குன்னு சொல்றீங்க."

"பாசியைச் சொல்லல. சாறு..."

"சாறு என்ன வானத்துலேருந்தா வந்துச்சு?"

அதோடு பேச்சு நின்றது. வீட்டில் அவர்களோடு இருந்த அவள் தங்கைக்கு அன்று முதல் தபால்காரி வேலை.

"மாமா, துணி காயப்போட்டாச்சான்னு அக்கா கேக்குறா."

"பக்கத்துலதானே உக்காந்திருக்கா?"

"எனக்கும் தெரியுது மாமா. ஆனா அவ உங்களைப் பாக்கலையாம்." அவன் தலையாட்டியதும் தங்கை அக்கா பக்கம் திரும்பினாள். "காயப்போட்டாச்சாம். இனிமே ஒவ்வொரு சேதிக்கும் எனக்கு ஒரு ஐஸ்கிரீம், சொல்லிட்டேன்."

பாசியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவள் கோபக்காரிதான், ஆனால் வேலையில் ஏமாற்றத் தெரியாதவள். அந்தப் பாசி வந்த நாளிலேயே, வழக்கம்போல அதில் கொஞ்சம் எடுத்து, மருந்து போட்டுப் பாக்டீரியாவை விரட்டி, ஒரு சின்னக் குடுவையில் தனியாக வளர்த்து வைத்திருந்தாள். மறுநாள் அதன் சாற்றை எடுத்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மஞ்சள் சோதனையில் சாறு படு சுத்தம். செல்களின் மேல் விட்டான். ஒரு குழிகூட நீலமாகவில்லை, எல்லாம் பச்சைத்தண்ணீர் மாதிரி கிடந்தன.

தட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போக அவனுக்குக் கால் எழவில்லை. தப்பாகச் சொல்லியிருக்கக் கூடாதா நான் என்று இருந்தது. அவள் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தொட்டிகள் பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தன.

"முதல் சாறுல தோல் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ரொம்ப. கடைசி வரிசையில நாம போடுறதைவிடப் பல மடங்கு."

கடைசி வரிசை என்பது எல்லாத் தட்டிலும் உண்டு. செல்கள் உயிரும் உணர்வுமாக இருக்கின்றனவா என்று பார்க்க, அந்த வரிசையில் வேண்டுமென்றே கொஞ்சம் பாக்டீரியாத் தோலைப் போடுவார்கள். அது நீலமானால், தட்டு சரியாக வேலை செய்கிறது என்று மேலே போய்விடுவார்கள். அதைக் கூர்ந்து பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை.

"அந்தத் தட்டு போட்டோ இருக்கா?"

போனை நீட்டினான். இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள். கடைசி வரிசை மை கொட்டினாற்போல் கருநீலம். பாசிச் சாறு விட்ட குழிகளோ வெளிர்நீலம்.

"கொஞ்சூண்டு தோலுக்கு இவ்வளவு கத்தின செல்லு," என்று அவள் நிதானமாகக் கேட்டாள், "அவ்வளவு தோலுக்கு ஏன் முனகிட்டு விட்டுடுச்சு? யாரு அது வாயைப் பொத்தினது?"

அந்தத் தட்டைப் போட்டவன் அவன். படம் எடுத்தவனும் அவன். தேடியது கிடைத்த பிறகு, பக்கத்து வரிசையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் பாசிதான்," என்றான்.

"அவசரப்படாதீங்க. செஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க."

புதுத் தட்டு போட்டார்கள், இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து. சில குழிகளில் முதலில் சுத்தமான சாறு விட்டார்கள். சாறு அந்தத் தோலையே பிடித்து மறைக்கிறதோ என்ற சந்தேகம் வரக் கூடாது என்று, அதைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் தோலைப் போட்டார்கள். மற்ற குழிகளில் வெறும் தோல். வெள்ளிக்கிழமை காலை நிறம் ஏறியது. வெறும் தோல் போட்ட குழிகள் கருநீலம். சாறு பட்ட குழிகளில் கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டிய அளவுக்குத்தான் நீலம் இருந்தது.

"செத்துப்போய் அமைதியா இருக்கான்னு ஒரு தடவை..." என்று அவன் இழுத்தான்.

"அதானே பாத்தேன். பாருங்க, பாருங்க."

செத்த செல்லில் மட்டும் ஏறும் சாயம் ஒன்று உண்டு. அதை விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தான். ஏறக்குறைய ஒன்றிலும் சாயம் ஏறவில்லை. உருண்டை உருண்டையாக, சௌக்கியமாகக் கிடந்தன. நகர்ந்துகொண்டு அவளுக்கு இடம் விட்டான். அவள் பார்த்தாள், கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

டைரக்டர் அம்மா வந்தபோது அவர் நெற்றி சுருங்கித்தான் இருந்தது.

"எழுப்புதுன்னு சொன்னீங்களே, பாசியம்மா?"

"தப்பாச் சொல்லிட்டேன் மேடம். எழுப்பல, அடக்குது."

தட்டை வாங்கிப் பார்த்தார். கழுவியது, சாயம் விட்டது எல்லாவற்றையும் கேட்டார். தேவையில்லாமல் எதிர்ப்புச் சக்தி பொங்கி மூட்டு வீங்கி அவதிப்படுகிறவர்களை மனதில் வைத்துத்தான் அவர் அடுத்த கேள்விகளைக் கேட்டார் என்பது இருவருக்கும் புரிந்தது. இது வெறும் தட்டு, மனுஷ உடம்பு இல்லை, இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும் என்றும் சொன்னார். பிறகு கண்ணாடித் தொட்டி ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இதெல்லாம் இங்கேயே இருக்கட்டும். இன்னும் ரெண்டு தொட்டி வேணும்னா வாங்கிக்குங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல. கையில நல்ல ரிசல்ட் இருந்துச்சு, நானும் நம்பிட்டேன். அப்புறம் எதுக்கு அதைப் போட்டுக் கிண்டினீங்க?"

"நான் கிண்டல மேடம்," என்றாள் பாசியம்மா. கணவன் பக்கம் தலையை ஆட்டினாள். "இவருதான் என்னை நம்பல."

புகார் சொல்லுகிற குரல்தான். ஆனால் அவள் முகம் மலர்ந்திருந்தது. கல்யாணமான நாள் முதல் அவள் அவனைப் பற்றி இன்னொருவரிடம் இவ்வளவு பெருமையாகச் சொல்லி அவன் கேட்டதில்லை.